தபால்தலையும் நாணயமும் தபால் வழி விற்க: தொடங்குமுன் எதைச் சரிசெய்ய வேண்டும்?

பல்வரிசை:

வணக்கம். சேகரிப்பாளர்களுக்குப் பட்டியல் போட்டு, ஆர்டர் வந்ததும் தபாலில் அனுப்பும் வியாபாரம் தொடங்க எண்ணம். கடை கிடையாது. கையிருப்பு: உலக நாடுகளின் பழைய ஆல்பம் 30 (பாதிக்கு மேல் ஹிஞ்ச், அதாவது ஆல்பத்தில் நிறுத்தும் சின்னப் பசைக் காகிதத் துண்டு, ஒட்டியவை), உறைக் காகிதத்தோடு வெட்டிய தபால்தலை 6 கிலோ, நாணயம் 400 போல.

எதைத் தனியாக ஏற்றுவது, எதைக் கட்டாக விற்பது? கேட்டலாக் மதிப்பை வைத்து விலை போடலாமா? அப்ரூவல் முறை (தேர்வுக்கு அனுப்பி, வேண்டாததைத் திரும்பப் பெறுவது) இன்னும் எடுபடுமா? பேக்கிங்கில் பெரும்பாலும் எங்கே தவறு நடக்கும்? வெளிநாட்டு ஆர்டரை முதலிலேயே எடுக்கலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லவும்.

கிளாசின்:

கேட்டலாக் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஸ்காட், கிப்பன்ஸ், மிஷெல், இவெர் என்று எதை எடுத்தாலும், அதில் மிகக் குறைந்த மதிப்பாக அச்சிட்டிருக்கும் தொகை அந்தத் தலையின் விலை அல்ல. வியாபாரி அதைத் தேடி எடுத்து, எண் பார்த்து, உறையில் போட்டுத் தருவதற்கான கூலி. கிலோ கணக்கில் கிடைக்கும் தலைக்கும் அதே அடிமட்டத் தொகைதான் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஆயிரம் தலைகளைக் கூட்டி ஓர் ஆல்பத்துக்கு விலை சொன்னால், விஷயம் தெரிந்தவர் அடுத்த முறை உங்கள் பட்டியலைத் திறக்கவே மாட்டார். கேட்டலாகை அடையாளம் காணவும், ஒரே வெளியீட்டில் எது அரிது எது மலிவு என்று ஒப்பிடவும் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை விலைக்கு, ஏலத் தளங்களில் உண்மையாக விற்று முடிந்த விலையைப் பாருங்கள். "இந்த விலைக்குப் போட்டிருக்கிறார்கள்" என்பது கணக்கில் வராது. கேட்டலாக் எண் எழுதும்போது எந்தக் கேட்டலாக், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே தலைக்கு நான்கிலும் நான்கு எண்.

எதைத் தனியாக ஏற்றுவது என்பதை நேரம்தான் முடிவு செய்யும். ஒரு தலையை அடையாளம் கண்டு, ஓரத்துப் பல் அளந்து, காகிதத்திலுள்ள நீர்க்குறி பார்த்து, பின்புறம் சோதித்து, ஸ்கேன் எடுத்து, விவரம் எழுதி, இருப்பு எண் போட, பழகிய கைக்கே நாலைந்து நிமிடம் ஆகும். விற்ற பிறகு எடுத்துக் கட்டி முகவரி எழுத இன்னொரு ஐந்து நிமிடம். அந்தப் பத்து நிமிடக் கூலிக்கும் கீழே விலை போகும் எதையும் தனியாக ஏற்றாதீர்கள். கொஞ்சம் மேலே இருப்பதை முழு செட்டாக்குங்கள். அதற்கும் கீழே இருப்பதை 50, 100 தலை கொண்ட பாக்கெட்டாக்கி, "எல்லாம் வேறுவேறு" என்று எழுதுங்கள். எழுதினால் உண்மையிலேயே வேறுவேறாக இருக்க வேண்டும். நூறில் இரண்டு திரும்ப வந்தாலும் புகார் வரும். எண்ணிப் பார்க்கும் கூட்டம் இது.

30 ஆல்பம் உலகம் முழுக்க என்றால் அகலம் இருக்கிறது, ஆழம் இருக்காது. சேகரிப்பவர் தேடுவது ஆழத்தை. நாடு வாரியாகப் பிரித்து, எந்த இரண்டு மூன்று நாட்டில் சரக்கு கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, மீதியைப் பெரிய கட்டுகளாக மற்ற வியாபாரிகளிடம் தள்ளிவிடுங்கள். வரும் பணத்தில் அந்த இரண்டு மூன்று நாட்டையே இன்னும் ஆழமாக்குங்கள். மனசு வராதுதான். ஆனால் ஒரு நாட்டில் 800 தலை வைத்திருப்பவருக்கு ஒரே ஆர்டரில் பதினைந்து தலை விற்கும். நூறு நாட்டில் எட்டெட்டு வைத்திருப்பவருக்கு ஒரு ஆர்டரில் ஒன்று விற்கும். தபால் செலவு இருவருக்கும் ஒன்றுதான்.

இதே காரணத்துக்காகக் குறைந்தபட்ச ஆர்டர் ஒன்றை வையுங்கள். தபால் செலவைப்போல் ஐந்து மடங்குக்குக் குறைந்தால் வேண்டாம். பணம் வாங்கும் தளங்கள் பலவும் சதவீதத்தோடு ஒரு நிலையான கட்டணமும் பிடிக்கும். சின்ன ஆர்டரில் லாபத்தைத் தின்பது அந்த நிலையான கட்டணம்தான்.

எடைத்தட்டு:

நாணயத்துக்கு வருகிறேன். முதல் விதி: எதையும் கழுவாதே, தேய்க்காதே. மங்கிப்போன நாணயத்தைப் பளபளப்பாக்கி விற்றால் பாதி மதிப்பு அங்கேயே போச்சு. மெல்லிய இழைக்கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுவதை விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது எதில் போட்டு வைத்திருக்கிறீர்கள்? மிருதுவாக, மடக்கினால் குழையும், ஒருவித பிளாஸ்டிக் நெடி அடிக்கும் உறை என்றால் அது பி.வி.சி. அதிலுள்ள இளக்கிப் பொருள் கசிந்து நாணயத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். பி.வி.சி. சிதையும்போது வரும் அமிலம் செம்பை அரிக்கும். ஆரம்ப நிலையென்றால் கலப்பில்லாத அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தால் படலம் கரையும். தேய்க்கக் கூடாது, கண்ணாடிக் கிண்ணம்தான், தீ பக்கத்தில் இருக்கக் கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை அசிட்டோன் என்று நினைத்து எடுக்காதீர்கள், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். படலத்தின் அடியில் உலோகம் ஏற்கெனவே அரித்திருந்தால் அது திரும்பி வராது. அப்படியே எழுதி விற்க வேண்டியதுதான்.

மாற்று: மைலார் (பி.வி.சி. கலக்காத பாலியஸ்டர்) உறை, அல்லது மைலார் சாளரம் வைத்த 2 அங்குலச் சதுர அட்டை. அட்டையை ஸ்டேப்ளர் அடித்தபின் முள்ளின் முதுகைக் குறடால் தட்டையாக்குங்கள். தட்டையாக்காத முள் பெட்டியில் அடுத்த அட்டையின் சாளரத்தைக் கிழித்து, நாணயத்தைக் கீறிவிடும். மைலார் விறைப்பானது. நாணயத்தை அதில் இழுத்து இழுத்துச் செருகினால் அதுவும் கீறும்.

தரம்: ஷெல்டன் 1949இல் அமெரிக்கப் பெரிய செம்பு சென்ட்டுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவைத்தான் இன்று பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 60ஓ அதற்கு மேலோ என்றால் புழங்காதது. கண்ணால் பார்த்து 63 என்று எழுதுவதில் அர்த்தமில்லை. உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்த எல்லை வரை எழுதி, "உருவத்தின் தலைமுடிப் பகுதியில் தேய்மானம், விளிம்பில் 7 மணித் திசையில் சிறு நசுக்கல்" என்று குறையைச் சொல்லுங்கள். தரத்தைக் கூட்டிச் சொல்லி ஒரு முறை விற்பதைவிட அரைப்படி குறைத்துச் சொல்வது மேல். பெட்டியைத் திறந்து மகிழ்பவர் மறுபடி வாங்குவார்.

போலி: 0.01 கிராம் காட்டும் தராசு, காலிப்பர், காந்தம் மூன்றும் வாங்கிவிடுங்கள். எடையும் விட்டமும் நாணயச் சாலையின் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, விவரத்திலும் எழுதுங்கள். வார்ப்புப் போலியில் பரப்பில் நுண்குமிழும், விளிம்பில் இணைப்புக் கோடும் தெரியும். வெள்ளி என்று சொல்லப்பட்டதை ஒப்படர்த்தியால் சோதிக்கலாம். ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கி, நாணயத்தை நூலில் கட்டி அடிதொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் நாணயத்தின் கன அளவு. நாணயத்தின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளி 10.49, செம்பு 8.96. சின்ன நாணயத்தில் இந்தக் கணக்கு எளிதில் பிசகும், பத்து கிராமுக்கு மேற்பட்டதில் நம்பலாம்.

பல்வரிசை:

மிக்க நன்றி. பாதி நாணயம் மெல்லிய பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கிறது, இன்றே மாற்றிவிடுகிறேன். 6 கிலோவை எப்படி அணுகுவது? மொத்தத்தையும் ஊறவைக்கவா? தலையின் நிலையை எவ்வளவு விவரமாக எழுத வேண்டும்?

கிளாசின்:

ஊறவைக்குமுன் பிரியுங்கள். முழு உறையாகவோ, முத்திரை முழுசாகவோ இருப்பது தனியே; பழைய உறையை வெட்டினால் தலையை மிச்சப்படுத்திப் பணத்தை எறிந்த கதைதான். சிவப்பு, ஊதா, அடர்நிறக் காகிதத்தில் ஒட்டியவை தனியே. அவற்றின் சாயம் தண்ணீரில் இறங்கிப் பாத்திரத்திலுள்ள எல்லாவற்றையும் நாசமாக்கும். தானாக ஒட்டும் வகை தனியே. புதியவற்றில் பல தண்ணீருக்கு விடுவதில்லை, ஐந்து மி.மீ. காகித ஓரம் விட்டுக் கத்தரித்து அப்படியே விற்கலாம். நீரில் கரையும் மையில் அச்சிட்டதையும் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 1883–84 பிரிட்டிஷ் இளம் ஊதா, பச்சை வரிசை அப்படிப்பட்டது. தபால்தலையை மறுபடி பயன்படுத்தும் மோசடியைத் தடுக்க வேண்டுமென்றே அந்த மையில் அச்சிட்டார்கள்.

மீதியைக் குளிர்ந்த நீரில், ஒரு தட்டுக்கு ஐம்பதுக்கு மேல் போகாமல். இருபது நிமிடத்தில் தலை தானாகக் கழன்று வரும். வராவிட்டால் இன்னும் பொறுங்கள், இழுத்தால் மெலிவு (பின்புறக் காகிதம் உரிந்து மெல்லியதாவது) விழும். இன்னொரு முறை சுத்தத் தண்ணீரில் அலசுங்கள். பசை மிச்சமிருந்தால் உலரும்போது சுருண்டு ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சு தாளில் முகம் கீழாக உலர்த்தி, ஓர் இரவு பாரம் வையுங்கள். செய்தித்தாளில் உலர்த்தினால் அச்சு மை ஏறும்.

ஆனால் 6 கிலோவையும் நீங்களே ஊறவைக்க வேண்டுமா என்று யோசியுங்கள். நல்லதை மேலோட்டமாகப் பொறுக்கி எடுத்தபின் மீதியை 100 கிராம் பையாக, "காகிதத்தோடு, பொறுக்கியது" என்று வெளிப்படையாக எழுதி விற்கலாம். ஊறவைத்துப் பிரிப்பதையே பொழுதுபோக்காக வாங்குபவர்கள் நிறைய. "பொறுக்காதது" என்று பொய் சொன்னால் முதல் பையிலேயே தெரிந்துவிடும்.

நிலை எழுதுவது: புதியதென்றால் பசை முழுதா, ஹிஞ்ச் தடம் உண்டா, மறுபசை பூசியதா. பயன்படுத்தியதென்றால் முத்திரை இலேசா, கனமா. தபாலில் போகாமல் விற்பனைக்காகவே முத்திரை குத்தியதா. பல் அளவு என்பது 2 செ.மீ. நீளத்தில் எத்தனை துளை என்பது. 14 × 15 என்றால் கிடைமட்டம் முதலில், செங்குத்து அடுத்தது. இதை மாற்றி எழுதினால் வேறு தலையையே விற்றதாகிவிடும். மெலிவும் மடிப்பும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்து நீர்க்குறி பார்க்கும் வாட்டர்மார்க் திரவம் இரண்டு சொட்டு விட்டால் மெலிந்த இடமும் மடிப்பும் கருத்துத் தெரியும். சில திரவங்கள் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்கேனில் கறுப்புப் பின்னணி, 300 டி.பி.ஐ. போதும். போலி அதிகம் புழங்கும் தலைக்கு 600, முன்னும் பின்னும். ஸ்கேனரின் தானியங்கி நிறத் திருத்தம், கூர்மையாக்கம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். நிறபேதத்துக்காகவே வாங்குபவரிடம் திருத்திய நிறத்தைக் காட்டினால் தலை திரும்பி வரும்.

பறவை, ரயில், கப்பல் என்று தலைப்பு வாரியாக விற்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை. நாட்டின் பெயரைப் போட்டு யாரோ அச்சடித்த, அந்த நாட்டு அஞ்சல் துறை வெளியிடாத தாள்கள் இந்தத் தலைப்புகளில் ஏராளம். 2002 முதல் வெளியானவற்றைச் சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் டபிள்யூ.என்.எஸ். என்ற தபால்தலைப் பதிவில் பார்க்கலாம். ஆனால் எல்லா நாடுகளும் அதில் பதிவதில்லை. அங்கே இல்லாததாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. கேட்டலாகையும் சேர்த்துப் பாருங்கள்.

அட்டைக்காரி:

பேக்கிங் பற்றி யாரும் பேசவில்லையே. தபாலில் போகும் தலைக்கு முதல் எதிரி பெறுபவரின் கத்தரிக்கோல்தான். உறைக்குள் தளர்வாகக் கிடக்கும் ஸ்டாக் கார்டு (தலைகளைச் செருகி வைக்கும் அட்டை) வழியில் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். பிரிப்பவர் ஓரத்தை வெட்டும்போது பல்லோடு போகும். அதனால் கார்டை ஒரு பாலிதீன் பையில் போட்டு, பையை அட்டையின் நடுவில் டேப்பால் நிறுத்துங்கள். பெயின்டர் பயன்படுத்தும் காகித டேப் நல்லது, எச்சமில்லாமல் உரியும். டேப்பின் ஒரு நுனியை மடித்து வால் விடுங்கள், நகத்தால் சுரண்ட வேண்டி வராது. டேப் எங்கேயும் கார்டின் திறந்த பக்கத்தைத் தொடக் கூடாது. தலையை எடுக்கும்போது அதில் போய் ஒட்டினால் அதோடு முடிந்தது.

அட்டை இரண்டு வையுங்கள், கார்டைவிட நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் பெரிதாக. நெளிவு அட்டையாக இருந்தால் ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் அந்தத் திசையில் ஒன்றாகவே மடியும். மொத்தத் தடிமனை அளந்து பாருங்கள். பல நாடுகளில் சாதாரணக் கடிதத்துக்கு 5 மி.மீ.தான் வரம்பு. அரை மி.மீ. தாண்டினாலும் அடுத்த கட்டணப் படி, அல்லது பெறுபவரிடம் அபராதம். இதற்காக ஒரு பழைய அட்டையில் 5 மி.மீ. பிளவு வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உறையையும் அதில் நுழைத்துப் பார்ப்பது நல்லது.

புதிய, பசையுள்ள தலையைக் கிளாசின் என்ற மெல்லிய வழவழப்புக் காகித உறையில் அனுப்பாதீர்கள் (மேலே பெயரிலேயே கிளாசின் வைத்திருப்பவர் மன்னிக்க). ஈரப்பதம் ஏறினால் பசை அதில் ஒட்டிக்கொள்ளும்.

நாணயத்தை உறையில் அப்படியே போட்டால் பிரிப்பு இயந்திரத்தின் உருளைகளில் சிக்கி, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும். வெறும் உறை போய்ச் சேரும். அட்டையில் நாணயத்தின் அளவுக்குக் குழி வெட்டிப் பதித்து, இரண்டு பக்கமும் மூடி, ஆட்டினால் சத்தம் வராதபடி கட்டுங்கள். சத்தம் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே சொல்வது மாதிரி. வெளியே "நாணயம்", "சேகரிப்பு" என்ற வார்த்தை உள்ள கடை முத்திரையும் குத்த வேண்டாம்.

இன்னொன்று. உறையின் மேல் கட்டணத்துக்கு இயந்திர முத்திரையோ வில்லையோ போடாமல் நல்ல நினைவுத் தபால்தலைகளை ஒட்டுங்கள், அஞ்சலகத்தில் முத்திரை குத்தும்போது அளவாகக் குத்தச் சொல்லுங்கள். தபால்தலை வாங்குபவர் உறையையும் எடுத்து வைப்பார். செலவே இல்லாத விளம்பரம்.

முகவரிஏடு:

அப்ரூவலுக்குப் பதில்: தலைகளைத் தேர்வுக்கு அனுப்பி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்லும் முறை அது. புதியவர் அதில் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. சரக்கு பத்துப் பேர் வீட்டில் பத்து வாரம் முடங்கும். திரும்பி வருவதில் நல்லதுக்குப் பதில் குறையுள்ளதைச் செருகி அனுப்புகிறவர்களும் உண்டு. அதற்குப் பதில் தேவைப் பட்டியல் வாங்குங்கள். வாடிக்கையாளர் தன்னிடம் இல்லாத எண்களை எழுதித் தருவார். நாடு, எண் வாரியாக ஒரு ஏட்டில் ஏற்றி வைத்தால், புதிய ஆல்பம் வாங்கும்போதே எது யாருக்குப் போகும் என்று தெரியும். கொள்முதல் விலையைக்கூட அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

கிளாசின்:

முழுக்க ஒதுக்க வேண்டாம் என்பேன். தேவைப் பட்டியல் என்ன வேண்டும் என்று தெரிந்தவருக்குச் சரி. தலைப்பு வாரியாகச் சேர்ப்பவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்த பிறகுதான் தெரியும். அவரிடம் அப்ரூவல்தான் வேலை செய்யும். நிபந்தனை போடுங்கள்: இரண்டு ஆர்டராவது முன்பணம் கட்டி வாங்கியவருக்கு மட்டும், முதல் தேர்வின் மொத்த மதிப்பு அவருடைய சராசரி ஆர்டருக்கு மேல் போகாமல், 14 நாள் கெடு, முந்தையது திரும்பாமல் அடுத்தது கிடையாது. ஒவ்வொரு பக்கத்தையும் அனுப்புமுன் ஸ்கேன் எடுத்து வைத்தால் மாற்றிச் செருகுவது பிடிபடும். ஒரு தலையின் பல்வெட்டும் மையநிலையும் (படம் ஓரங்களுக்கு நடுவே அமைந்த விதம்) முத்திரை விழுந்த இடமும் சேர்ந்தால் அது ரேகை மாதிரி.

கேட்காதவருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் 1970 சட்டப்படி கேட்காமல் தபாலில் வந்த சரக்கைப் பெற்றவர் அன்பளிப்பாக வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனிலும் 1971இலிருந்து இதற்குச் சட்டம் உண்டு. கோரிக்கை எழுத்தில் இருக்கட்டும்.

முகவரிஏடு:

முன்பணம் கட்டியவருக்கு மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

வெளிநாடு பற்றி: முதல் ஐம்பது ஆர்டர் உள்நாட்டில் முடியட்டும். பிறகு வெளிநாடு போகும்போது சரக்கு உள்ள உறைக்குச் சுங்க வில்லை வேண்டும். மதிப்பு எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) கணக்கில் 300 வரை சி.என். 22 படிவம், அதற்கு மேல் சி.என். 23. "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்லும் வாடிக்கையாளர் வருவார், எழுதாதீர்கள். அது பொய் அறிவிப்பு, தவிர உறை தொலைந்தால் அந்தக் குறைத்த மதிப்புக்குத்தான் ஈடு கேட்க முடியும். சுங்க எண்: சேகரிப்புத் தபால்தலை 9704, நாணயவியல் மதிப்புள்ள நாணயம் 9705. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான இறக்குமதிக்கு இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1இல் போய்விட்டது. அங்கே சின்ன ஆர்டருக்கும் வரி உண்டு என்பதைப் பட்டியலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையேல் பெறாமல் திருப்பி அனுப்புவார்கள்.

நாணயத்துக்குத் தனி விதி. காப்பீடு செய்யாத சாதாரணக் கடிதத்தில் நாணயம், பணத்தாள் வைப்பதைச் சர்வதேச அஞ்சல் உடன்படிக்கை தடுக்கிறது. உள்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் பதிவுத் தபால் வழி உண்டு. சில நாடுகள் உள்ளே விடுவதே இல்லை. போகும் நாட்டின் தடைப்பட்டியலை ஒவ்வொரு முறையும் பாருங்கள். பழம்பொருள் ஏற்றுமதிச் சட்டம் பல நாடுகளில் பழைய நாணயத்தையும் பிடிக்கும்.

"உங்கள் பதிவு எண் வேலை செய்யவில்லை" என்று கடிதம் வந்தால், முதலில் எண்ணே சரியா என்று பாருங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், இரண்டு எழுத்து நாட்டுக் குறி. ஒன்பதாவது இலக்கம் சோதனை இலக்கம். முதல் எட்டை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து வரும் மீதியை 11இலிருந்து கழியுங்கள். விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5. எடுத்துக்காட்டாக 12345678: கூட்டல் 204, மீதி 6, ஆகவே சோதனை இலக்கம் 5. பொருந்தாவிட்டால் எங்கோ ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள், தபால் தொலையவில்லை.

பல்வரிசை:

கடைசியாக ஒன்று. இருப்பு எண் எப்படிப் போடுவது? ஆல்பத்திலேயே விட்டுவைத்து, விற்றதும் எடுக்கலாமா?

அட்டைக்காரி:

ஆல்பத்தில் விடாதீர்கள். ஏற்றியது உடனே ஸ்டாக் கார்டுக்கு மாற வேண்டும். இல்லாவிட்டால் விற்றதைத் தேட முப்பது ஆல்பம் புரட்ட வேண்டி வரும், ஒரே தலை இரண்டு பேருக்கு விற்கும். எண்ணில் நாட்டின் பெயரையோ கேட்டலாக் எண்ணையோ புகுத்த வேண்டாம், அடையாளம் தவறென்று பின்னால் தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பெட்டி எண், அதற்குள் வரிசை எண், அவ்வளவு போதும்: 3-0142. விற்று வெறுமையான இடத்தில் அடுத்து ஏற்றுவதை வையுங்கள், ஆனால் பழைய எண்ணை மறுபடி கொடுக்காதீர்கள். திருப்பி அனுப்பியது வரும்போது குழம்பும். கார்டின் மேல்விளிம்பில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை பரவும். வாங்கிய விலையையும் ஒரு எழுத்துக் குறியீட்டில் அதே விளிம்பில் போட்டுவைத்தால் பேரத்தில் எவ்வளவு இறங்கலாம் என்று தேட வேண்டியதில்லை. அனுப்புமுன் மட்டும் அதை ரப்பரால் அழிக்க மறக்காதீர்கள்.